கொலஸ்ட்ரால் நார்மல், வால்வு மட்டும் ஏன் சுருங்குகிறது? எல்பி(ஏ) அறிக்கையையும் எக்கோவையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் முறை

எக்கோ எடுத்துப் பார்த்தால் பெருநாடி வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசல்) தடித்திருக்கிறது, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ‘மைல்டு’ அல்லது ‘மாடரேட்’ சுருக்கம் என்று எழுதியிருக்கிறது. லிப்பிட் அறிக்கையைப் புரட்டினால் எல்.டி.எல். 110, கண்ணை உறுத்தும்படி எதுவும் இல்லை. “கொலஸ்ட்ரால் சரியாகத்தானே இருக்கு, வால்வு ஏன் கெடுது?” என்று கேட்காத குடும்பம் குறைவு. பல நேரங்களில் அதற்கான துப்பு அந்த அறிக்கையில் அச்சாகாத ஒரு வரியில் இருக்கிறது. எல்பி(ஏ) என்ற லிப்போபுரதம், அதாவது இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு துகள், அது. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் சேராது, தனியாக எழுதிக் கொடுத்தால்தான் லேபில் பார்ப்பார்கள்.

வால்வில் சுருக்கம் தொடங்கிவிட்டவர்களுக்கும், அவர்களுடைய ஃபைலைப் பராமரிக்கும் மகன், மகள்களுக்கும் இது எழுதப்பட்டது. மருந்தைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் இதய மருத்துவர் வேலை. அவர் முன் உட்காரும்போது சரியான எண்கள் கையில் இருக்க வேண்டும், அதற்கான வழி இங்கே.

முதலில், எந்த வகைச் சுருக்கம்?

இதைக் கேட்காமல் எல்பி(ஏ) பின்னால் ஓடக் கூடாது. நம் ஊரில் சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போவது இன்னும் உண்டு. அதில் இதழ்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் மைட்ரல் வால்வும் சேர்ந்தே அடிபட்டிருக்கும். அந்தக் கதைக்கு வேர் தொண்டைத் தொற்றும் அதையொட்டிய எதிர்ப்பாற்றல் கோளாறும்தான், கொழுப்பு அல்ல. இன்னொரு வகை, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழ். 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கும். அவர்களுக்குச் சுண்ணாம்புப் படிவு பத்து, இருபது ஆண்டு முன்னதாகவே வந்து நிற்கும். மூன்றாவது, நல்ல மூன்றிதழ் வால்வே வயதான காலத்தில் தடித்து இறுகுவது. கீழே வருவது எல்லாம் முக்கியமாகச் சுண்ணாம்பு படிகிற வால்வைப் பற்றியது. எக்கோ அறிக்கையில் ‘கால்சிஃபிக்’, ‘பைகஸ்பிட்’, ‘ரூமாட்டிக்’ ஆகிய மூன்று சொற்களில் எது இருக்கிறது என்று தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் எக்கோ செய்தவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

துகள் வால்வுக்குள் என்ன செய்கிறது

வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் படிவது போலத்தான் வால்விலும் கால்சியம் படிகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் “கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வால்வில் நடப்பது உயிருள்ள வேலை. அங்குள்ள செல்களே எலும்பு கட்டும் செல்களைப் போல மாறி, சுண்ணாம்பை இழுத்துப் பிடிக்கின்றன.

இந்த வால்வு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. பெருநாடியைப் பார்த்த பக்கம் இரத்தம் சுழித்து ஓடுவதால் இதழின் மேல்தோல் அங்கேதான் முதலில் நலிகிறது. நலிந்த இடத்தில் எல்.டி.எல். துகள் நுழையும், எல்பி(ஏ)-யும் நுழையும். எல்பி(ஏ) என்பது எல்.டி.எல். போன்ற ஒரு துகள்தான். அதன் மேல் அப்போ(ஏ) என்று இன்னொரு புரதம் ஒரு டைசல்ஃபைடு பிணைப்பால் வால் மாதிரித் தொங்கும். நார்வேயின் கோரே பெர்க் 1963-இல் இதைக் கண்டுபிடித்தார். இந்தத் துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிடுகளைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு திரிகிறது. ஆட்டோடாக்சின் என்ற நொதியும் அதோடு பயணம் செய்கிறது. அவை இதழுக்குள் போய் அழற்சியைக் கிளப்ப, அந்த அழற்சி செல்களை எலும்பு வேலைக்குத் திருப்பிவிடுகிறது.

2013-இல் வந்த பெரிய மரபணு ஆய்வில், எல்பி(ஏ)-யைக் கூட்டும் எல்.பி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வால்வில் சுண்ணாம்பும் சுருக்கமும் அதிகம் என்று தெரிந்தது. மரபணு பிறக்கும்போதே வந்துவிடுவது. ஆகவே எல்பி(ஏ) நோயின் விளைவாகக் கூடவில்லை, காரணத்தின் பக்கம்தான் நிற்கிறது என்று சொல்ல முடிந்தது. மரபணு வழியாக எல்.டி.எல். கூடுதலாக இருப்பவர்களிலும் இதே போக்கு 2014-இல் காட்டப்பட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துப் பகுதியில் தேவைப்படும். தொடக்கத்தில் கொழுப்பு வேலை செய்கிறது. சுண்ணாம்பு கெட்டிப்பட்ட பிறகு வண்டி தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. இறுகிய இதழ் அதிக அழுத்தம் தாங்க, அந்த அழுத்தம் இன்னும் செல்களைச் சீண்ட, மேலும் சுண்ணாம்பு.

எல்பி(ஏ) சோதனை: எப்போது, எப்படி

வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் பெரும்பாலும் போதும். அளவில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணுவே தீர்மானிக்கிறது, நடைப்பயிற்சியும் எண்ணெய்க் குறைப்பும் அதை அசைப்பதில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் ஒவ்வொரு வயது வந்தவருக்கும் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறது. நமக்கு அது கூடுதலாகப் பொருந்தும். பிரிட்டனின் பயோபேங்க் தரவில் தெற்காசியர்களின் நடுமட்ட அளவு 31 நானோமோல், வெள்ளையர்களுக்கு 19. கறுப்பினத்தவர்களுக்குத்தான் எல்லோரையும் விட அதிகம், 75.

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் காய்ச்சல், நிமோனியா, மாரடைப்பு, அறுவை சிகிச்சை ஆகியவை முடிந்த கையோடு எடுக்காதீர்கள். உடம்பு அழற்சியில் இருக்கும்போது வருகிற எண்ணை நம்ப முடியாது, ஓரிரு மாதம் விட்டு எடுக்கலாம். சிறுநீரில் புரதம் கொட்டும் சிறுநீரக நோயிலும், தைராய்டு குறைவிலும் எல்பி(ஏ) ஏறிக் காட்டும். ஆகவே அதே நாள் டி.எஸ்.எச்., கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் சேர்த்து எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். முடிந்தால் அப்போ-பி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் ஒவ்வொரு எல்பி(ஏ) துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி இருப்பதால், கெட்ட துகள்களின் தலைக்கணக்கு அது.

இனி அலகு. பெரிய குழப்பம் இங்கேதான். சில லேப் மி.கி./டெ.லி. என்று தருகிறது, சில நானோமோல்/லிட்டர் என்று தருகிறது. 50 மி.கி./டெ.லி. அல்லது 125 நானோமோலுக்கு மேல் போனால் அதிகம். 30 மி.கி. அல்லது 75 நானோமோலுக்குக் கீழே என்றால் இந்தக் கவலையை விடலாம். நடுவில் உள்ளது சாம்பல் நிறப் பகுதி. ஒன்றிலிருந்து மற்றதற்கு 2-ஆல், 2.5-ஆல் பெருக்கி மாற்றாதீர்கள். அப்போ(ஏ) புரதம் ஆளுக்கு ஆள் நீளம் வேறு. கிரிங்கிள் என்ற மடிப்பு சிலருக்குச் சில தடவைதான் திரும்பத் திரும்ப வரும், சிலருக்கு நாற்பது தடவை கூட வரும். எடையில் அளந்தால் நீளத்துக்கும் சேர்த்துக் கணக்கு விழும், மோலில் அளந்தால் துகள் எண்ணிக்கைதான் வரும். நானோமோலில் தரும் லேப் கிடைத்தால் அங்கேயே எடுங்கள். ‘60’ என்று மட்டும் போனில் சொல்லி மருத்துவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். 60 மி.கி. என்றால் அதிகம், 60 நானோமோல் என்றால் குறைவு.

இன்னொரு நுணுக்கம். லிப்பிட் அறிக்கையில் வரும் எல்.டி.எல். பெரும்பாலும் அளந்த எண் அல்ல, கழித்துப் பெற்ற எண். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 150 என்றால் 210-இல் 42 கழித்து, 150-ஐ 5-ஆல் வகுத்த 30-ஐயும் கழித்து 138 என்று எழுதுவார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. எல்பி(ஏ)-க்குள் இருக்கும் கொலஸ்ட்ராலும் இந்த 138-க்குள்தான் ஒளிந்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எல்.டி.எல். எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையென்றால், ‘மாத்திரையைத் தவறவிடுகிறார்’ என்று பழி போடுவதற்கு முன் எல்பி(ஏ)-யைப் பாருங்கள்.

எக்கோவில் எந்த எண்ணைப் பிடிப்பது

மூன்று எண் போதும்: வால்வு வழியே இரத்தம் பாயும் உச்ச வேகம் (வி-மேக்ஸ்), சராசரி அழுத்த வேறுபாடு (மீன் கிரேடியன்ட்), வால்வின் திறப்புப் பரப்பு (ஏ.வி.ஏ.). நல்ல வால்வு 3 முதல் 4 ச.செ.மீ. வரை திறக்கும். உச்ச வேகம் நொடிக்கு 2 முதல் 2.9 மீட்டர் என்றால் மைல்டு, 3 முதல் 3.9 மாடரேட், 4-க்கு மேல் சிவியர். சராசரி கிரேடியன்ட் (மி.மீ. பாதரச அளவில்) 20-க்குக் கீழ், 20 முதல் 39 வரை, 40-க்கு மேல் என்று அதே வரிசை. பரப்பு 1 ச.செ.மீ.க்கு இறங்கினால் சிவியர்.

மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது பரப்புதான். அது நேரே அளக்கப்படுவதில்லை. வால்வுக்கு முன்னே உள்ள வெளிவழியின் விட்டத்தை அளந்து (அறிக்கையில் எல்.வி.ஓ.டி. என்றிருக்கும்), அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். எடுத்துக்காட்டாக விட்டம் 2.0 செ.மீ. என்றால் அதன் பரப்பு 3.14. வெளிவழியின் வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் இரத்தம் கடக்கும் தூரம்) 20, வால்வின் வி.டி.ஐ. 80 என்றால் 3.14-ஐ 20-ஆல் பெருக்கி 80-ஆல் வகுக்க 0.79 வரும். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே விட்டத்தை 1.8 என்று அளந்துவிட்டால்? மற்ற எண்கள் துளியும் மாறாமலே பரப்பு 0.64 ஆகிவிடும். 2 மி.மீ. கை தவறியதற்கு, ‘ஒரே வருஷத்தில் இவ்வளவு சுருங்கிவிட்டதே’ என்று வீடே தூக்கமில்லாமல் கிடக்கும். வயது வந்தவரின் வெளிவழி ஆண்டுக்கு ஆண்டு மாறாது. ஆகவே பழைய அறிக்கையையும் புதியதையும் எடுத்து, முதலில் அந்த விட்டம் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் பரப்பை விட்டுவிட்டு, வி.டி.ஐ. விகிதத்தைப் பாருங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 20-ஐ 80-ஆல் வகுத்தால் 0.25. விட்டம் அதில் வரவே வராது. 0.25-க்குக் கீழே போனால் சிவியர் பக்கம்.

வேகமும் ஏமாற்றும், ஆனால் ஒரே திசையில். டாப்ளர் கதிர் இரத்தப் பாய்ச்சலுக்கு நேராக விழவில்லையென்றால் வேகம் குறைவாகத்தான் காட்டும். கோணத் தவறால் கூடுதலாகக் காட்டாது. அதனால்தான் நல்ல எக்கோ நிபுணர் நெஞ்சின் நுனியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு முடிப்பதில்லை. வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, மார்பெலும்பின் வலப்புறத்திலிருந்தும் பார்ப்பார். அப்படிச் செய்தவரிடமே ஒவ்வொரு முறையும் போங்கள்.

பாய்ச்சல் கூடினாலும் வேகம் கூடும். ஒருவருக்கு 2.6, அடுத்த ஆண்டு 2.7, அதற்கடுத்த ஆண்டு 3.1 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் ‘நோய் பாய்ந்துவிட்டது’ என்றுதான் தோன்றும். அந்த நாளின் ஹீமோகுளோபின் 8.5 என்று தெரிந்தால் கதை மாறுகிறது. இரத்தசோகையில் இதயம் வேகமாக அடித்து அதிக இரத்தத்தைத் தள்ளும், வெளிவழியிலும் வேகம் கூடும், வால்விலும் கூடும், விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். காய்ச்சலும் தைராய்டு மிகுதியும் இதே வேலையைச் செய்யும். மறுபக்கம், எக்கோ அன்று இரத்த அழுத்தம் 180 என்றால் கிரேடியன்ட் உள்ளதை விடக் குறைவாகக் காட்டலாம். ஆகவே ஒரு நோட்டில் நீளவாக்கில் கோடு போட்டு இவற்றை எழுதி வையுங்கள்: தேதி, எடுத்த இடம், வி-மேக்ஸ், மீன் கிரேடியன்ட், ஏ.வி.ஏ., எல்.வி.ஓ.டி. விட்டம், இரண்டு வி.டி.ஐ., இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் சதவீதம்), அன்றைய இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். எல்பி(ஏ)-யை முதல் பக்கத்தில் அலகோடு ஒரே ஒரு முறை எழுதினால் போதும்.

வேகம் ஒன்றைச் சொல்லி, பரப்பு வேறொன்றைச் சொன்னால் சி.டி. கால்சியம் ஸ்கோர் தீர்த்து வைக்கும். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200-ஐத் தாண்டினால் சிவியராக இருக்கவே வாய்ப்பு அதிகம். டை ஊசி தேவையில்லை. இதயத் தமனிக்கு எடுக்கும் கால்சியம் ஸ்கோரும் இதுவும் வேறு வேறு எண்கள். வால்வுக்கு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டு காகிதத்தையும் சேர்த்தால்

மாடரேட் வரை வந்தவர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு வேகம் 0.3 மீட்டரும் கிரேடியன்ட் 7 முதல் 8-ம் கூடும், பரப்பு 0.1 ச.செ.மீ. குறையும் என்பது நெடுநாள் கணக்கு. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். எல்பி(ஏ) உள்ளே வருவது இந்த வேறுபாட்டை விளக்கத்தான். கனடாவில் நடந்த ஆஸ்ட்ரோனமர் ஆய்வில் கலந்துகொண்டவர்களை எல்பி(ஏ) அளவுப்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மேல் பங்கில் இருந்தவர்களுக்கு வேகம் ஆண்டுக்கு 0.26, மற்றவர்களுக்கு 0.17. ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் எல்பி(ஏ) சுண்ணாம்பைத் தொடங்கி வைப்பதோடு நின்றது, தொடங்கிய பிறகு அது வேகத்தைக் கூட்டியதாகக் காணவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்பி(ஏ) அதிகம் என்பது கூடுதல் கவனத்துக்கான காரணம், ஜாதகம் அல்ல.

0.26-க்கும் 0.17-க்கும் இடைவெளி 0.09 மீட்டர். ஒரே ஆளை ஒரே நாளில் இருவர் எக்கோ செய்தாலே இந்த அளவு வித்தியாசம் வரலாம். ஆகவே ஓர் ஆண்டு இடைவெளியில் இரண்டு எண்ணை மட்டும் வைத்து ‘வேகமாகிறது’, ‘நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை. குறைந்தது மூன்று எக்கோ, இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும்.

மைல்டு என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை, மாடரேட் என்றால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை, சிவியர் என்றால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை எக்கோ என்பது அமெரிக்க வழிகாட்டுதல். இந்த அட்டவணையில் எல்பி(ஏ)-க்கு இடமில்லை. இருந்தாலும், மைல்டு சுருக்கத்தோடு எல்பி(ஏ) 125 நானோமோலைத் தாண்டி, சுண்ணாம்பும் அடர்த்தியாக இருந்தால், ஐந்தாண்டு என்பதை இரண்டாகச் சுருக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. எல்பி(ஏ) குறைவாக இருக்கிறதே என்று எக்கோவைத் தள்ளிப்போடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

மருந்து: எதை எதிர்பார்க்கலாம், எதில் காசை விடக் கூடாது

ஸ்டாட்டின் வால்வைத் திறக்காது. மூன்று நல்ல ஆய்வுகள் செய்து பார்த்தாகிவிட்டது. 2005-இல் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., 2008-இல் சிம்வாஸ்டாட்டினோடு எசெடிமைப் சேர்த்து 1,873 பேரிடம், 2010-இல் ரோசுவாஸ்டாட்டின் 40 மி.கி. எல்.டி.எல். நன்றாக இறங்கியது, வால்வு தன் பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போனது. சுண்ணாம்பு கெட்டிப்பட்ட பிறகு கொழுப்பைக் குறைத்து என்ன பயன் என்பது ஒரு விளக்கம். ஸ்டாட்டின் எல்பி(ஏ)-யைக் குறைப்பதில்லை, சிலருக்குச் சற்றுக் கூட்டவும் செய்கிறது என்பது இன்னொன்று.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வால்வில் சுண்ணாம்பு உள்ள பலருக்கு இதயத் தமனியிலும் அடைப்பு இருக்கும், மாரடைப்பைத் தடுப்பதில் ஸ்டாட்டின் தன் வேலையைச் செய்கிறது. எல்பி(ஏ)-யைக் குறைக்க முடியவில்லையென்றால் எல்.டி.எல்., சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை ஆகியவற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான் இன்றைய நடைமுறை. இரத்த அழுத்த மருந்தைச் சுருக்கம் இருக்கிறதே என்று பயந்து தவிர்க்க வேண்டியதில்லை, சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள்.

நயாசின் (வைட்டமின் பி3) எல்பி(ஏ)-யை 20 முதல் 30 சதவீதம் குறைக்கும், ஆனால் பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை, பக்கவிளைவு கூடியது. எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் பி.சி.எஸ்.கே.9 ஊசிகளும் ஏறக்குறைய அதே அளவு குறைக்கும், விலை அதிகம், வால்வுக்கென்று யாரும் எழுதித் தருவதில்லை. எல்பி(ஏ) உற்பத்தியையே கல்லீரலில் அடக்கும் பெலாகார்சன், ஓல்பாசிரன் போன்ற ஊசிகள் 80 சதவீதம் வரையும் அதற்கு மேலும் இறக்குகின்றன. பெலாகார்சனை வால்வுச் சுருக்கம் உள்ளவர்களிடமே வைத்துச் சோதிக்கும் ஆய்வும் தொடங்கப்பட்டது. வால்வு சுருங்குவதை மெதுவாக்கியதாக நிரூபணமான மருந்து இதை எழுதும்வரை ஒன்றும் இல்லை.

ஆன்லைனில் ‘சுண்ணாம்பைக் கரைக்கும்’ என்று விற்கும் வைட்டமின் கே2-வுக்கு ஒரு வார்த்தை. டென்மார்க்கில் 365 ஆண்களுக்கு இரண்டு ஆண்டு தினமும் 720 மைக்ரோகிராம் கே2-வை வைட்டமின் டி-யோடு கொடுத்துப் பார்த்தார்கள். வால்வுச் சுண்ணாம்பு கூடுவது குறையவில்லை. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் இதை எடுத்தால் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தே வேலை செய்யாமல் போகும்.

நெஞ்சு வலிக்கென்று சட்டைப்பையில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். சிவியர் சுருக்கத்தில் நாக்கடியில் அதை வைத்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். உங்களுக்கு அது ஆகுமா என்று நெஞ்சு வலி வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள்

உங்களுக்கு எல்பி(ஏ) மிக அதிகம் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு உடனே எக்கோ தேவையில்லை. ஒரு இரத்தச் சோதனை போதும், கூடுதல் என்று தெரிந்தால் எல்.டி.எல்.-ஐ இளமையிலேயே இறக்கி வைக்கலாம். உங்களுடையது இரண்டிதழ் வால்வு என்றால் மட்டும் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு எக்கோவும் பார்ப்பது வழக்கம்.

நோட்டை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

மாடி ஏறும்போது மூச்சிரைப்பு, நெஞ்சில் அழுத்தம், மயக்கம் ஆகிய மூன்றில் ஒன்று வந்துவிட்டால், சுருக்கமும் சிவியர் என்றால், எல்பி(ஏ) எவ்வளவு என்பதற்கு இனி பொருளில்லை. அப்போது பேச வேண்டியது வால்வு மாற்றம் பற்றி, நெஞ்சைத் திறந்தா, தொடை வழியாகக் குழாய் விட்டா என்று. அறிகுறியே இல்லாவிட்டாலும் இ.எஃப். 50-க்குக் கீழே இறங்கினால் அதே பேச்சுதான்.

சிக்கல் என்னவென்றால், பெரியவர்கள் அறிகுறியைச் சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்குகிறது என்பதற்குப் பதில் மாடிக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். கடைக்குப் போவது குறையும், கோயிலில் பிரகாரம் சுற்றுவது ஒன்றாகும், ‘வயசாச்சுல்ல’ என்று முடிப்பார்கள். அதனால் மாதம் ஒரு நாள், ஒரே மாடிப்படியை அவரோடு பேசிக்கொண்டே அவர் வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். போன மாதம் நிற்காமல் ஏறியவர் இந்த மாதம் நடுவில் பேச்சை நிறுத்திக் கைப்பிடியைப் பிடித்தால், அந்தத் தேதியையும் எத்தனையாவது படி என்பதையும் எழுதிக்கொண்டு, அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ஏறும்போது மயங்கி விழுந்தால் போன் எல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.